பழைய வெள்ளி நாணயம்: தரமும் நிலையும் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வெள்ளி நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "இது எவ்வளவு போகும்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த நாணயம் எந்த நிலையில் இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அந்த நிலையைப் பார்ப்பது பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விலை பற்றி இதில் ஒன்றும் இல்லை.

நாணயம் கையில் கிடைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்றும் செய்ய வேண்டாம். துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், சட்டை நுனியால் தேய்த்துப் பார்க்கவும் வேண்டாம். மேசையில் மெத்தென்ற துணி ஒன்றை விரித்து, அதன் மேலே பிடித்துப் பாருங்கள். தவறி விழுந்தாலும் அடிபடாது. பிடிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பக்க விளிம்பில் மட்டும் பட வேண்டும். முகப்பில் விரல் பட்டால் எண்ணெயும் வியர்வையும் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு அது தெரியாது. சில மாதம் கழித்து உங்கள் ரேகை பழுப்பு நிறத்தில் அப்படியே பதிந்து நிற்கும். நாணயத்தின் மேல் குனிந்து பேசுவதையும் தவிருங்கள். எச்சில் துளி விழுந்த இடம் பின்னால் கரும்புள்ளியாகிவிடும்.

கிரேடு என்கிறார்களே, அது என்ன?

நாணயம் அச்சகத்தை விட்டு வெளியே வந்தபோது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு தூரம் தேய்ந்து வந்திருக்கிறது என்பதற்கு வைத்த பெயர். 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்பு சென்ட் நாணயங்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோலை வகுத்தார். அடிமட்ட நிலையில் உள்ள நாணயம் ஒரு பங்கு விலை போனால், குறையே இல்லாதது எழுபது பங்கு போகும் என்பது அவர் கணக்கு. அந்த விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்துப்போனது, எண்கள் மட்டும் தங்கிவிட்டன. இன்று வெள்ளி, தங்கம் என்று எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள்.

பெயர்கள் இவை. குட் என்றால் 4, வெரி குட் 8, ஃபைன் 12, வெரி ஃபைன் 20 முதல் 35, எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் 40, 45, அபவுட் அன்சர்குலேட்டட் 50 முதல் 58. 60உம் அதற்கு மேலே உள்ளவையும் புழக்கத்துக்கே போகாதவை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். "குட்" என்பது நல்ல நாணயம் அல்ல, நன்றாகவே தேய்ந்த நாணயம். "ஃபைன்" கூடப் பல வருடம் கைமாறியதுதான். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற முதல் இடம் இதுதான்.

இந்தப் படிகளைக் கண்ணால் எப்படிப் பிரித்தறிவது?

ஒவ்வொரு நாணய வகைக்கும் முதலில் தேயும் மேடான இடங்கள் சில இருக்கும். அவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தலை உருவம் இருந்தால் பெரும்பாலும் காதுக்கு மேலுள்ள முடி, புருவம், கன்னம், தோள். பறவை இருந்தால் மார்பு, இறக்கையின் மேல் வளைவு. கேடயம், கிரீடம் இருந்தால் அவற்றின் நடுப்பகுதி.

இதைப் பழக நான் யாருக்கும் முதலில் காட்டுவது அமெரிக்காவின் பார்பர் அரை டாலரை. சார்ல்ஸ் பார்பர் வடிவமைத்தது, 1892 முதல் 1915 வரை அடித்தார்கள். சுதந்திர தேவியின் தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்து பொடியாக இருக்கும். அந்த ஏழு எழுத்தே அளவுகோல். ஒன்றும் தெரியாமல் உருவத்தின் கோடு மட்டும் நின்றால் குட். மொத்தத்தில் மூன்று எழுத்தாவது தெரிந்தால் வெரி குட். ஏழும் மங்கலாகவாவது படிக்க வந்தால் ஃபைன். ஏழும் தெளிவாக, தயங்காமல் படிக்க வந்தால் வெரி ஃபைன். அதற்கு மேலே போனால் எழுத்து உதவாது. முடிக்கற்றையையும் இலைகளின் நரம்புகளையும் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் இந்தியாவின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் ஆடைமேல் தொங்கும் பதக்கச் சங்கிலியில் ஒரு குட்டி யானை உண்டு. 1911இல் அடித்த ரூபாயில் அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறதென்று எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே வடிவத்தைத் திருத்தினார்கள். அந்தக் கதை போகட்டும். லென்ஸை வைத்துத் துதிக்கை, கால், சங்கிலிக் கண்ணி எல்லாம் தனித்தனியாகத் தெரிகிறதா என்று பாருங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு கட்டியாகத் தெரிந்தால் அந்த ரூபாய் நிறையக் கைமாறியிருக்கிறது.

கீழ்ப்படிகளில் உருவத்தைவிட ஓரம்தான் பேசும். நாணயத்தைச் சுற்றி எழும்பி நிற்கும் கரை தேய்ந்து, எழுத்துகளின் தலைப்பகுதியைத் தின்ன ஆரம்பித்திருந்தால் அது குட்டுக்கும் கீழே.

மேடான இடம் மழுங்கியிருக்கிறது. தேய்ந்ததா, முதலிலேயே சரியாக அடிபடவில்லையா?

மிக நல்ல கேள்வி. அனுபவப்பட்டவர்களும் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெற்று வெள்ளி வில்லையை இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து அடிக்கும்போது, உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஏறி நிரம்ப வேண்டும். அழுத்தம் போதாவிட்டாலோ, இரண்டு அச்சுக்கும் இடைவெளி கொஞ்சம் அதிகமானாலோ, ஆழமான பள்ளம் நிரம்பாது. நாணயத்தில் மிக உயரமாக வர வேண்டிய இடம் மொட்டையாக நின்றுவிடும். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரே இடத்தில் ஆழமான வேலைப்பாடு இருந்தால் இன்னும் மோசம், இரண்டு பக்கமும் அதே உலோகத்துக்குப் போட்டி போடும். மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளி நாணயத்தில் காதுக்கு மேலுள்ள முடியும், பின்பக்கத்துக் கழுகின் மார்பும் இப்படி எதிரெதிரே அமைந்தவை. நியூ ஆர்லியன்ஸ் அச்சகத்தில் அடித்த பலவற்றில் இரண்டுமே மழுங்கல். பீஸ் டாலர் என்பது இன்னொரு அமெரிக்க வெள்ளி நாணயம்; 1921ஆம் வருடத்ததில் புடைப்பு அதிகமாக வைத்ததால் நடு முடி ஒழுங்காக விழவே இல்லை. 1922இல் புடைப்பைக் குறைத்துவிட்டார்கள்.

சரி, எப்படிப் பிரிப்பது? மழுங்கிய அந்த இடத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். தேய்ந்த இடம் வழவழவென்று, சுற்றியுள்ள பகுதியைவிடச் சாம்பல் கலந்த மங்கல் நிறத்தில் இருக்கும். நாணயத்தை ஆட்டினாலும் அதில் ஒளி அசையாது. சரியாக அடிபடாத இடத்தில் ஒளி மற்ற இடங்களில் போலவே ஓடும். லென்ஸில் பார்த்தால் அங்கே சொரசொரப்பும், குட்டிக் குட்டிக் குழிகளும் கூடத் தெரியலாம். அவை அடிப்பதற்கு முன்பே வில்லையில் இருந்த தடங்கள். அச்சு நன்றாக அழுத்தியிருந்தால் அழிந்திருக்கும், அழுத்தாததால் தங்கிவிட்டன.

இன்னொரு சோதனை: மற்ற மேடுகளையும் பாருங்கள். தேய்மானம் பாரபட்சம் பார்க்காது, உயரமாக இருக்கும் எல்லாவற்றையும் தேய்க்கும். நடுவில் மட்டும் மழுங்கி, தோளும் எழுத்தும் கரையும் கூர்மையாக இருந்தால் அச்சின் குறைதான்.

லஸ்டர் என்று சொல்கிறார்களே, பளபளப்பைத்தானே?

பளபளப்பு வேறு, லஸ்டர் வேறு. பாலிஷ் போட்ட ஸ்பூனும் பளபளக்கும், அதில் லஸ்டர் கிடையாது.

அடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒழுகுகிறது. அந்த ஒழுக்கு அச்சில் மிக நுண்ணிய வரிகளை உண்டாக்கும், அவை நாணயத்திலும் பதியும். கண்ணுக்கு வரிகள் தெரியாது, அவை ஒளியைத் திருப்புவது மட்டும் தெரியும். ஒற்றை விளக்குக்குக் கீழே நாணயத்தை மெல்லச் சுழற்றுங்கள். இரண்டு ஒளிப்பட்டைகள் நடுவிலிருந்து கிளம்பி, வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போலச் சுற்றிச் சுற்றி வரும். அதுதான் லஸ்டர். அந்த நுண்வரிகள் மேற்பரப்பின் மேற்பரப்பில் இருப்பதால், நாலு கை மாறினாலே மேடான இடங்களில் அறுந்துபோகும். சக்கரம் சுற்றும்போது கன்னத்திலோ மார்பிலோ வந்து ஒளி அறுந்தால், புழக்கத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு முறை போனால் போனதுதான். எந்த ரசாயனமும் எந்தக் கைவேலையும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

58 எண் வாங்கிய நாணயம் 60ஐவிட அழகாக இருக்கிறதே?

இருக்கும். 58 என்பது மேடான இடங்களில் மட்டும் சற்று உரசல் பட்டது. மற்றபடி சுத்தமாக இருக்கலாம். 60 என்பது புழக்கத்துக்கே போகாதது. ஆனால் மூட்டையில் மற்ற நாணயங்களோடு மோதி மோதி முகமெல்லாம் காயம் பட்டிருக்கலாம். அமெரிக்க வெள்ளி டாலர்களை ஆயிரம் ஆயிரமாகத் துணி மூட்டையில் கட்டி அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் 26.73 கிராம், அதனால் ஒரு மூட்டை கிட்டத்தட்ட 27 கிலோ. அதைத் தூக்கிப் போட்டால் மார்கன் டாலரின் வழவழப்பான கன்னம் என்ன பாடுபடும்! நானாக இருந்தால் நல்ல 58 ஒன்றை எடுத்துக்கொண்டு அசிங்கமான 60ஐ விட்டுவிடுவேன்.

எந்த விளக்கு, எந்த லென்ஸ்?

ஒற்றை மேசை விளக்கு போதும். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். குழல்விளக்கு வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் பரவி வருவதால் நுண்கீறல்களை மறைத்துவிடும். வாங்கும்போது சுத்தமாகத் தெரிந்த நாணயம் மேசை விளக்கில் கோடு கோடாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

முதலில் லென்ஸ் இல்லாமல் ஒரு கை தூரத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் ஐந்து அல்லது ஏழு மடங்கு லென்ஸ். பத்து மடங்கு, குறிப்பிட்ட இடத்தைச் சோதிக்க மட்டும். அதற்கு மேலே போனால் எந்த நாணயமும் போர்க்களம் மாதிரித்தான் தெரியும், தரம் பார்க்க உதவாது.

நாணயம் கறுத்திருக்கிறது. இது குறையா?

வெள்ளி கறுப்பது துரு அல்ல. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலமாகிறது. படலத்தின் தடிமனைப் பொறுத்து நிறம் மாறும். முதலில் வெளிர் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, ஊதா கலந்த சிவப்பு, நீலம் என்று போய், தடித்த பிறகு கரியாகும். தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் வானவில் காட்டுவதும் இதே விதிப்படிதான்.

சேகரிப்பவர்கள் இதை டோனிங் என்பார்கள். மெல்லிய, ஒரு நிறத்திலிருந்து அடுத்ததற்கு மெல்ல வழுக்கிச் செல்கிற டோனிங் குறையே அல்ல, சிலர் அதற்காகவே தேடி வாங்குகிறார்கள். அடியில் லஸ்டர் சுற்றுகிறதா என்பதுதான் கேள்வி. கரி படிந்து, எவ்வளவு சாய்த்தாலும் ஒளி வராமல் செத்துக் கிடந்தால், படலம் உலோகத்தையே தின்றுவிட்டது.

சூடு காட்டியும் கந்தகப் புகை காட்டியும் செயற்கையாக நிறம் ஏற்றுகிறவர்களும் உண்டு. மேலே சொன்ன நிற வரிசை தாறுமாறாக இருந்தாலோ, பழைய கீறலுக்குள்ளும் அதே பளிச் நிறம் தடையில்லாமல் ஓடினாலோ சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் சுத்தம் செய்யவே கூடாதா?

கூடாது. சிறு வயதில் விக்டோரியா ரூபாய் ஒன்று என் கைக்கு வந்தது. நல்ல சாம்பல் நிறம், எழுத்து எல்லாம் கூர்மை. பற்பசையை விரலில் எடுத்து, வட்டம் வட்டமாகக் கால் மணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி போல ஆனதும் எனக்கு ஒரே பெருமை. பல வருடம் கழித்து ஒருவர் அதை விளக்குக்குக் கீழே இரண்டே முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரப்பா இதைக் குளிப்பாட்டினது?" என்று கேட்டார். மன்னிக்க முடியாத வேலைதான். அந்த ரூபாய் இன்னும் என்னிடம் இருக்கிறது. என் விரல் சுற்றிய வட்டங்களும் அதில் இருக்கின்றன. யாராவது சுத்தம் செய்யலாமா என்று கேட்டால் எடுத்துக் காட்டுவதற்கு உதவுகிறது.

பற்பசையிலும் பாத்திரம் துலக்கும் பொடியிலும் இருப்பது நுண்ணிய மணல் போன்ற துகள்தான். கடையில் விற்கும் வெள்ளிக் கரைசலில் முக்கினால் கீறல் விழாது, ஆனால் அமிலம் சல்பைடோடு சேர்த்து மேல்தோலையும் கரைத்துவிடும். முதல் முக்கில் பளிச்சென்று இருக்கும், நாலாவது முக்கில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப்போகும். சமையல் சோடாவும் அலுமினியத் தகடும் போட்டுச் செய்யும் முறை சல்பைடைத் திரும்ப வெள்ளியாக மாற்றுகிறது என்பது உண்மைதான். மாற்றப்பட்ட வெள்ளி பழைய இடத்தில் பழைய மாதிரி உட்காராது, அதுதான் சிக்கல். பரப்பு மங்கலாகவே நிற்கும். ஸ்பூனுக்குச் செய்யுங்கள், நாணயத்துக்கு வேண்டாம்.

பச்சையாகப் பசை மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதைக்கூட எடுக்கக் கூடாதா?

இது ஒன்றுதான் விதிவிலக்கு. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் வருடக்கணக்கில் வைத்திருந்தால் அந்தப் பிளாஸ்டிக் சிதைந்து, அமிலமும் எண்ணெய்ப்பசையும் கசியும். வெள்ளியில் கலந்துள்ள செம்போடு அது சேர்ந்து பச்சையாகிறது. விட்டுவைத்தால் அரித்துக்கொண்டே போகும். கலப்பில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நாணயத்தை அதில் கொஞ்ச நேரம் போட்டு வையுங்கள். அப்புறம் புதிய அசிட்டோனில் இன்னொரு முறை. தேய்க்க வேண்டாம், தானாகவே உலரட்டும். அசிட்டோன் வெள்ளியோடு வினைபுரியாது, டோனிங்கையும் தொடாது. ஆனால் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, மெழுகுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும். வாசனையும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கி இதற்குச் சரிப்படாது.

முன்பு யாரோ சுத்தம் செய்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இயல்பாகப் புழங்கிய வெள்ளி நாணயத்துக்கு ஒரு முகம் உண்டு. வெறும் பரப்பில் சாம்பல் நிற அழுக்கு மெல்லப் படிந்திருக்கும், மேடுகள் கைபட்டுக் கைபட்டுச் சற்று வெளுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு இருக்காது. சுத்தம் செய்ததில் இந்த இயல்பு கெட்டுவிடும். வெரி ஃபைன் அளவு தேய்ந்த நாணயம் புத்தம் புதிது போல வெள்ளை வெளேர் என்று இருந்தால் முதல் சந்தேகம். பரப்பு வெளுத்திருக்க, எழுத்தின் இடுக்குகளில் மட்டும் கரி அப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது ஹேர்லைன் எனும் மயிரிழைக் கீறல்கள். ஒரே திசையில் கொத்தாக ஓடும், உருவத்தின் ஓரத்தில் வந்து தட்டி நிற்கும், துணி அங்கே ஏற முடியாததால். புழக்கத்தில் விழும் கீறல்கள் இப்படி அணிவகுத்து நிற்காது, ஆளுக்கொரு திசையில் போகும். ஒரு கோணத்தில் ஒன்றும் தெரியாத நாணயம் சற்றே திருப்பியதும் பளிச்சென்று கோடுகளைக் காட்டும். அதனால்தான் சுழற்றிக்கொண்டே பார்க்கச் சொல்கிறேன்.

மிக மோசமானது சுழலும் கம்பித் தூரிகையால் உரசியது. தூரத்தில் பார்த்தால் லஸ்டர் மாதிரியே ஏமாற்றும். லென்ஸில் எழுத்துகளின் ஒரு பக்கத்தைப் பாருங்கள்: உரசித் தள்ளிய வெள்ளி அங்கே மண்ணைக் குவித்தது போல ஒதுங்கியிருக்கும். சக்கரமும் சுற்றாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மினுங்கும்.

கோடு எல்லாமே கீறல்தானா?

இல்லை. கோடு பள்ளமா மேடா என்று முதலில் பாருங்கள். கீறினால் பள்ளம்தான் விழும். மேடாக எழும்பி நிற்கும் கோடு, அச்சில் விழுந்த விரிசலோ அச்சைப் பாலிஷ் செய்த தடமோ ஆகும். அது அச்சகத்திலேயே வந்தது, தரத்தைக் குறைக்காது. சிலர் விரிசல் உள்ளதையே தேடி வாங்குவார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டு நாணயங்களில் அரம் ராவியது போன்ற இணைக்கோடுகள் இருக்கலாம். வில்லை எடை கூடுதலாக இருந்தால் அடிப்பதற்கு முன்பே அரத்தால் ராவி எடையைச் சரிசெய்தார்கள், அந்தத் தடம். உருவத்தின் அழுத்தம் விழுந்த இடங்களில் அந்தக் கோடுகள் நசுங்கி மறைந்திருக்கும். பிறகு கீறியிருந்தால் உருவத்தின் மேலேயே ஏறிப் போயிருக்கும். இது சேதமாகக் கணக்கில் வராது. ஆனாலும் மன்னரின் மூக்கின் குறுக்கே ஓடினால் வாங்குகிறவருக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

நகையாகப் போட்டிருந்த நாணயம் என்று தெரியுமா?

வெள்ளி நாணயங்களில் இது மிகச் சாதாரணம். நாணயத்தின் மேல் விளிம்பை, அதாவது தலை உருவத்தின் உச்சிக்கு நேர் மேலே, லென்ஸில் பாருங்கள். வளையம் பற்ற வைத்து எடுத்திருந்தால் அங்கே விளிம்பு வரிகள் நிரம்பிப்போய், ராவிய தடம் தெரியும். நிறமும் சற்று மாறியிருக்கும். சூடு பட்டதால் சுற்றியுள்ள பரப்பின் நிறமும் வித்தியாசப்படும். துளையை அடைத்திருந்தால் அந்த இடத்துக்கு நேர் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் நன்றாக அடைப்பார்கள், மறுபக்கத்தில் எழுத்தைத் திரும்பச் செதுக்கும்போது மாட்டிக்கொள்வார்கள். இரண்டு மூன்று இடத்தில் சம தூரத்தில் விளிம்பு நசுங்கியிருந்தால், கொக்கிச் சட்டத்தில் மாட்டி வைத்திருந்தது.

தரம் சொல்லும் நிறுவனங்கள் இவற்றுக்கெல்லாம் எண் கொடுக்க மாட்டார்கள். "வெரி ஃபைன் அளவு விவரம், வளையம் நீக்கியது" என்று சொல்லோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நாணயத்தின் மேல் குட்டிக் குட்டியாகக் குத்திய முத்திரைகள் இருக்கின்றன. யாரோ கெடுத்துவிட்டார்களா?

ஸ்பானிய எட்டு ரியால், மெக்சிகோ பெசோ, பிரிட்டிஷ் வர்த்தக டாலர் போன்ற பெரிய வெள்ளி நாணயங்களில் இது நிறையத் தெரியும். சீனத்து வணிகர்களும் வெள்ளி பார்ப்பவர்களும், "சோதித்தாயிற்று, நல்ல வெள்ளி" என்பதற்கு அடையாளமாகத் தங்கள் எழுத்தைக் குத்தினார்கள். கறாராகப் பார்த்தால் சேதம்தான். ஆனால் அதுவும் அந்த நாணயம் போய் வந்த கடல்களின் தடம் என்பதால், இவற்றை மட்டுமே சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கும் பிடிக்கும்.

ப்ரூஃப் என்பது உச்சத் தரமா?

அல்ல, அது செய்முறையின் பெயர். பாலிஷ் போட்ட வில்லையைப் பாலிஷ் போட்ட அச்சால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து, சேகரிப்பவர்களுக்கென்று தனியாகச் செய்வது. பையில் போட்டுத் திரிந்தால் ப்ரூஃபும் தேயும், அப்போதும் அது தேய்ந்த ப்ரூஃப்தான்.

போலி நாணயமோ என்று சந்தேகமாக இருக்கிறது. தரம் பார்ப்பதற்கு முன் எதைச் சோதிப்பது?

எடையை. 0.01 கிராம் வரை காட்டும் மின் தராசு இருந்தால் போதும். பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 11.66 கிராம், மார்கன் டாலர் 26.73 கிராம், மரியா தெரசா தாலர் என்ற பழைய ஆஸ்திரிய வெள்ளி நாணயம் 28.07 கிராம். தேய்ந்த நாணயம் இதைவிடக் குறையும், அது இயற்கை. எடையும் தேய்மானமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். எழுத்தெல்லாம் கூர்மையாக நின்று எடை மட்டும் ஒரு கிராம் குறைந்தால் அது பொய் சொல்கிறது.

அடுத்து அடர்த்தி. தராசின் மேல் தண்ணீர் உள்ள குவளையை வைத்துப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்க விடுங்கள். இப்போது தராசு காட்டுவது நாணயம் ஒதுக்கிய தண்ணீரின் எடை. நாணயத்தின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. 11.66 கிராம் ரூபாய்க்குத் தராசு 1.13 காட்டினால், வகுத்து வருவது 10.32. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி உள்ள உலோகத்துக்கு ஏறக்குறைய அதுதான் வர வேண்டும். வெள்ளி முலாம் பூசிய செம்பு 9ஐ ஒட்டி நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் பாதிதான் வெள்ளி, அதனால் அடர்த்தி குறைவாகவே வரும், போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சோதித்த பிறகு ஈரத்தை ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம்.

காந்தம் ஒட்டினால் வெள்ளி இல்லை என்பது நிச்சயம். ஒட்டாவிட்டால் வெள்ளிதான் என்று சொல்ல முடியாது. செம்பிலும் ஈயத்திலும் கூட ஒட்டாது. அப்புறம் பக்க விளிம்பைப் பாருங்கள். வார்த்துச் செய்த போலியில் இரண்டு பாதி சேரும் கோடோ, அதை ராவிய தடமோ சுற்றி வரும். பரப்பில் குமிழி வெடித்த குழிகள், எழுத்து சோப்பில் செதுக்கியது போல வழுக்கலாக இருக்கும்.

நாணயத்தில் உள்ள வருடத்தை நம்பலாமா?

எப்போதும் இல்லை. மரியா தெரசா தாலரில் எப்போதும் 1780தான் இருக்கும். அரசி இறந்த வருடம் அது. அதே தேதியோடு இருபதாம் நூற்றாண்டிலும் பல அச்சகங்களில் அடித்துத் தள்ளினார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் 1862 என்று போட்ட ரூபாயையும் அதற்குப் பிறகு பல வருடம் அதே தேதியில் அடித்தார்கள். "இருநூறு வருடம் பழையது, அப்படியே புதிதாக இருக்கிறது பாருங்கள்" என்று யாராவது தாலரைக் காட்டினால், புதிதாக இருப்பதற்குக் காரணம் அது புதிது என்பதாகவே இருக்கலாம்.

பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் போட்டு வருகிறதே, அதை நம்பலாமா?

ஸ்லாப் என்பார்கள். நாணயத்தைச் சோதித்து, எண் கொடுத்து, பெட்டியில் அடைத்துத் தரும் அமெரிக்க நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கின. உண்மையான நாணயமா என்பதற்கு அவர்கள் சொல் பெரும்பாலும் உதவும். எண்ணை ஓர் அனுபவசாலியின் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே நாணயத்தை இரண்டு முறை அனுப்பினால் இரண்டு எண் வருவதுண்டு. பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் பதிவில் சரிபார்த்துவிடுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்ல முடியுமா?

தேய்மானத்தை ஓரளவு சொல்லலாம். லஸ்டரும் ஹேர்லைனும் அசைவில்தான் தெரியும் என்பதால் ஒற்றைப் படம் போதாது. விற்பவரிடம், ஒற்றை விளக்கின் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்து எடுத்த சிறு வீடியோ கேளுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

எப்படிப் பத்திரப்படுத்துவது?

மைலார் (பிவிசி கலக்காத ஒரு பிளாஸ்டிக்) உறை, இறுக்கமான அக்ரிலிக் சிமிழ் இரண்டும் நல்லவை. மெத்தென்று, புதுப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் உறை வேண்டாம். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. சுற்றி வைத்தால் நாணயத்தின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். செய்தித்தாளும் சாதாரண அட்டைப்பெட்டியும் வேண்டாம். ஈரம் இல்லாத அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வையுங்கள்.

இதையெல்லாம் பழகுவதற்கு எளிய வழி உண்டா?

ஒரே வகை நாணயத்தில் நாலைந்து வாங்குங்கள், மலிவானதாக, வேறு வேறு அளவு தேய்ந்ததாக. அவற்றில் ஒன்றாவது சுத்தம் செய்யப்பட்டதாக இருக்கட்டும். மேசை விளக்கின் கீழே வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் தரத்தையும் ஒரு தாளில் எழுதி, தாளை மடித்து வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதி, இரண்டையும் ஒப்பிடுங்கள். எனக்கு முதல் முறை ஐந்தில் இரண்டுதான் ஒத்துப்போனது.